மங்கை அளவு

"உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா மேடம்? போயும் போயும் வில்லவராயருக்கா அனுப்பினீங்க?"

டாக்டர் உதுமான் உட்காரக்கூட இல்லை. மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டார்.

பேராசிரியர் மங்கையர்க்கரசி தலையைத் தூக்கினார்.

"ஆமா. நேத்தே போயிடுச்சு."

"அவர் என் கட்டுரையைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார்."

"கிழியறதா இருந்தா இப்பவே கிழியட்டும்."

"ஏன் மேடம், என்மேல ஏதும் கோபமா?"

"கோபம் இருந்தா எனக்கு வேண்டியவங்க யாருக்காவது அனுப்பியிருப்பேனே."

உதுமானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போய்விட்டார்.

உதுமான் புற்றுநோய் டாக்டர். ஆயுசில் பாதியைப் பெரியாஸ்பத்திரி வார்டில் கழித்தவர். ஒருநாள், "எனக்குத் தெரிஞ்ச மருந்தெல்லாம் தீந்துபோச்சு" என்று வீட்டில் சொல்லிவிட்டு, வேலையை விட்டு, மங்கையர்க்கரசியிடம் வந்து மாணவராகச் சேர்ந்தார். வயதில் மேடத்தைவிட மூத்தவர். நரைத்த தாடியோடு, மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு நடுவே பின்பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் எடுக்க வந்தவர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

மங்கையர்க்கரசி நோய் எதிர்ப்பியல் பேராசிரியர். பேருக்குத்தான் அத்தனை பெரிய படிப்பு. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது ஒரே ஒரு செல்லை. அதற்கு இயற்கைக் கொல்லி என்று பேர். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைப் பற்றித்தான் பேசினாராம். அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை.

சேர்ந்த அன்று உதுமானிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டார். புதிதாக வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"இந்தக் கொல்லி செல் ரத்தத்துல ஊர் சுத்துது. எதிர்ல வர்ற ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பாக்குது. என்னத்தத் தேடுது?"

"எதிரியை."

"இல்ல."

"நோயை?"

"இல்ல."

"பின்ன என்னதான் தேடுது மேடம்?"

"விட்டுட்டுப் போக ஒரு காரணம் தேடுது. எதிர்ல வர்ற செல்லுமேல 'நான் இந்த வீட்டு ஆள்'னு ஒரு அடையாளம் இருக்கும். அது இருந்தா நகந்துடும். இல்லைன்னா அங்கயே கதையை முடிச்சிடும்."

"புற்றுநோய்ச் செல்லும் இந்த வீட்டுல பொறந்ததுதானே மேடம்?"

"அதுதான் சங்கடம். சிலது கெட்டுப்போன பிறகும் அடையாளத்தை மட்டும் கழட்டாம வெச்சிருக்கும். கொல்லி வரும், பாக்கும், நம்ம ஆள்தானேன்னு போயிடும்."

உதுமான் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். வார்டில் பார்த்த முகங்கள் சில ஞாபகம் வந்தன. நோய் எந்த வாசல் வழியாக நழுவியது என்று இத்தனை நாள் கழித்துத் தெரிந்தது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். நோயாளியின் கொல்லி செல்லை வெளியே எடுக்க வேண்டும். அதை உசுப்புகிற திரவத்தில் ஊறவைக்க வேண்டும். ஊறினதைத் திரும்ப உடம்புக்குள் ஏற்ற வேண்டும்.

பல வருஷம் பாடுபட்டு அந்தத் திரவத்தைச் செய்தார். ஆய்வுக்கூடத்தில் அதற்கு, சாராயம் காய்ச்சுகிறவர்கள் சொல்கிற மாதிரி, ஊறல் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"டாக்டர் இன்னிக்கு ஊறல் போட்டாச்சா? போலீஸ் வந்தா நான் பாத்துக்கறேன்" என்பார் சுகிர்தா. மேடத்துக்கு அடுத்தபடி அந்தக் கூடத்தைக் கவனிக்கிற உதவிப் பேராசிரியர் அவர். வாய் கொஞ்சம் நீளம், மனசில் கள்ளம் கிடையாது.

"ஹராமான பேரை வெச்சிருக்கியேம்மா" என்று உதுமானும் சிரிப்பார்.

ஊறல் வேலை செய்தது. ஊறின செல், ஆரோக்கியமான ஆளின் செல்லைவிட அதிகமாக நோய்ச் செல்லைக் கொன்றது. ஆரோக்கியமான ஆளைத் தாண்டிவிட்டது என்று காட்டினால் நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருந்துச் சோதனைக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியும் சொல்லியிருந்தது.

முதலில் கொடுக்கப்போவது தவசிக்கு. தவசி லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். உதுமானிடம் வெகுநாளாக வைத்தியம் பார்க்கிறவர்; வேலையை விட்ட பிறகும் உதுமான் அவரைப் பழைய வார்டில் போய்ப் பார்த்துவந்தார். பழைய மாத்திரையில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தார். ஊறல் ஏற்ற வேண்டுமென்றால் அந்த மாத்திரையை நிறுத்தியாக வேண்டும்.

கமிட்டிக்குப் போகும் முன்னால் வெளியார் ஒருத்தர் கட்டுரையைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். உதுமான் சரி என்றார். அந்த வெளியார் வில்லவராயர் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

வில்லவராயர் தூத்துக்குடிக்காரர். அவரும் கொல்லி செல் பேராசிரியர்தான். அவருக்கும் மேடத்துக்கும் சண்டை மூண்டது ஒரு கோட்டினால்.

ஆரோக்கியமான ஒருத்தரின் கொல்லி செல், நோய்ச் செல்லை எவ்வளவு கொல்லும்? இளவயதில் மங்கையர்க்கரசி அதை அளந்து ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருந்தால் சுறுசுறுப்பு, கீழே இருந்தால் சோம்பல். அதற்கு மங்கை அளவு என்றே பேராகிவிட்டது. அவருக்குப் பதவி வந்தது அந்தக் கோட்டால். கட்டடம் வந்தது அந்தக் கோட்டால்.

"எங்க ஊர் ரத்தத்துல அந்த அளவு ஒத்து வரவே மாட்டேங்கு. கோடு தப்பு" என்று மேடைக்கு மேடை சொன்னார் வில்லவராயர்.

"அவருக்குக் கை நடுங்குது" என்றார் மேடம்.

"அந்தம்மா கண்ணாடிய மாத்தணும்" என்றார் அவர்.

ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துக்கு வருகிறார்கள் என்றால் ஏற்பாடு செய்கிறவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் கட்டுரை போனது.

பதில் எழுதி வரும் என்று காத்திருந்தார்கள். ஆளே வந்துவிட்டார்.

கையில் குடை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நேராகக் கூடத்துக்குள் வந்தார்.

"இதுல உதுமான் யாரு?"

"நான்தான் சார்."

"நீரா? உம்மப் பாத்தா எனக்கே பாடம் எடுப்பீரு போலிருக்கு. இரும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் விளங்கல."

"கேளுங்க சார்."

"ஊறினது ஆரோக்கியமான ஆளைத் தாண்டிட்டுன்னு எழுதியிருக்கீரு. அந்த ஆரோக்கியமான ஆளு யாரு?"

சுகிர்தா சிரித்துவிட்டார். "அவரேதான் சார்!"

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமென்றால் வெளியே அலைய மாட்டார்கள். காலையில் முதலில் வருகிறவர் சட்டைக் கையை மடிப்பார். உதுமான் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேரே வருகிறவர். அதனால் எந்நாளும் அவர் கைதான். 'நம்ம டாக்டர் ரத்தம்' என்று குழாயில் எழுதி வைப்பார்கள்.

வில்லவராயர் சிரிக்கவில்லை.

"எல்லாத் தடவையும் உம்ம ரத்தமா?"

"ஆமா சார்."

"சர்க்கரை இருக்காவே உமக்கு?"



"இருக்கு. மாத்திரை போடறேன். கட்டுக்குள்ளதான் இருக்கு."

"வார்டுல கண்ணு முழிச்ச ஆளு. சர்க்கரை இருக்கு. தாடி வெளுத்தாச்சு. உம்ம வார்டுக்கு ஒரு ஆளு இப்படி வந்து 'நான் ஆரோக்கியமா இருக்கேன் டாக்டர்'னு சொன்னா நம்புவீரா?"



நோயாளி என்றால் கட்டிலில் படுத்திருக்கிறவர். டாக்டர் என்றால் பக்கத்தில் நிற்கிறவர். இத்தனை வருஷம் உதுமான் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"வேற ஆளுககிட்ட எடுத்துப் பாரும்" என்று சொல்லிக் குடையை எடுத்தார் வில்லவராயர். டீ சொல்லியிருந்தார்கள், குடிக்கவில்லை. போகிற வழியில் மேடத்தின் அறைக்குள் தலையை மட்டும் நீட்டினார்.

"என்னம்மா, அந்தக் கோடு இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

"நிக்கட்டும், நிக்கட்டும்."

மறுநாள் உதுமான் வெளியாட்களைத் தேடிப் போனார். காவலாளி வந்தார். தோட்டக்காரர் வந்தார். காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். கேன்டீன் டீ மாஸ்டர் நாச்சியப்பனும் வந்தார்.

"என் ரத்தத்துல என்ன சார் இருக்கப்போகுது? பாதி டிகாக்ஷன்தான் வரும்."

"டிகாக்ஷனா இருந்தாலும் பரவாயில்ல. கையை நீட்டுங்க மாஸ்டர்."

அளந்து பார்த்தார்கள்.

ஊறவைத்த தவசியின் செல் உதுமானை ஜெயித்தது. டீ மாஸ்டரிடம் தோற்றது. காவலாளியிடமும் தோற்றது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை.

உதுமான் மறுபடி மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"மேடம், அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க படிச்சீங்கதானே?"

"மூணு தடவை."

"இது எப்படி உங்க கண்ணுல படாமப் போச்சு?"

மங்கையர்க்கரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு தடவையும் பிடிச்சிருந்தது" என்றார்.



சுகிர்தாவுக்கு மனசு தாங்கவில்லை. ராத்திரி பகலாக உழைத்த மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர், எதுக்கு இப்படிக் கலங்கறீங்க? உங்க ரத்தத்தைத் தூக்கிப் போடுங்க. மாஸ்டர் ரத்தத்தையும் தூக்கிப் போடுங்க. தவசியோட செல் மங்கை அளவைத் தாண்டுதா இல்லையா?"

உதுமான் பார்த்தார். தாண்டியது. நன்றாகவே தாண்டியது.

"அப்புறம் என்ன? இந்தத் துறையில எல்லாரும் அந்தக் கோட்டை வெச்சுத்தான் அளக்கறாங்க. நீங்களும் அதையே வெச்சு எழுதுங்க. மேடம் கோட்டை எதிர்த்துக் கமிட்டியில யாரு எந்திரிக்கப் போறா? டீ மாஸ்டரா?"

"வில்லவராயர் எந்திரிப்பாரே."

"அவர் எப்பவும் எந்திரிக்கறவர். யார் கேக்கறா?"

உதுமானுக்கு மூச்சு வந்தது. சுகிர்தா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாரும் செய்வதுதான்.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. காவலாளி, தோட்டக்காரர், மாஸ்டர், பிள்ளைகள் எல்லாருமே மங்கை அளவுக்கு மேலே இருந்தார்கள். கோட்டுக்குப் பக்கத்தில் நின்றவர் ஒரே ஒருத்தர். சர்க்கரைக்கார உதுமான்.

மாலையில் வார்டுக்குப் போனார். தவசி பரிசோதனைக்கு வந்து காத்திருந்தார். கூடவே அவர் மனைவி.

"டாக்டரய்யா, பழைய மாத்திரைய நிப்பாட்டிரவா? தேதி குறிச்சாச்சா?"

"ஊறலை ஏத்தினா என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு ஏதாவது கேக்கணுமா தவசி?"

"நான் என்னத்த கேக்க? நீங்க சொன்னாச் சரி."

"ஒரு கேள்வியுமே இல்லையா?"

"உங்களப் போயி கேள்வி கேப்பனாய்யா?" தவசி மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாக் கேக்கறாரு பாரு."

உதுமான் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தன் பழைய அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். மேடம் கோடு போட்ட அந்தக் காலத்துக் கட்டுரையை எடுத்தார்.

எத்தனையோ தடவை படித்த கட்டுரை. மாணவராகச் சேர்ந்த புதிதில் மனப்பாடமே செய்திருந்தார். ஒவ்வொரு வரியும் பிடித்த வரி.

இந்தத் தடவை பிடித்த வரியையெல்லாம் தாண்டிப் போனார். யாரும் நின்று படிக்காத ஒரு மூலையில் நின்றார். ரத்தம் எங்கே எடுத்தது என்று சொல்கிற மூலை அது.

'ஆய்வுக்கூடத்தின் ஆரோக்கியமான ஊழியர்கள்' என்று இருந்தது.

தன் கூடத்தில் அப்படி ஊழியராகக் கை நீட்டினது யார் என்று அவருக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டால் ஊறல் பிழைக்கும். மேடத்தின் பேரும் பிழைக்கும். மாதக் கடைசியில் மேடத்துக்கு ஓய்வு. மண்டபம் பிடித்தாகிவிட்டது, மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. வில்லவராயர்கூட இத்தனை வருஷத்தில் கோடு தப்பு, கோடு தப்பு என்று கத்தினாரே தவிர, ஏன் தப்பு என்று அவருக்கும் தெரியாது. உலகத்தில் இந்த மூலையில் வந்து நின்றது உதுமான் ஒருத்தர்தான்.

வாயைத் திறந்தால் ரெண்டும் விழும்.

தவசியோ வெளியே உட்கார்ந்திருந்தார், மாத்திரையை நிறுத்தத் தயாராக.

உதுமான் கதவைத் திறந்தார்.

"தவசி, மாத்திரைய நிறுத்தாதீங்க. ஒரு வேளைகூட விடாதீங்க."

"ஊறலு?"

"இப்ப இல்ல."

"எப்பய்யா?"

கேள்வியே இல்லை என்ற தவசி கேட்டுவிட்டார். 

"எனக்கே தெரியல தவசி."

தவசியின் முகம் சுண்டிவிட்டது. மனைவிதான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்த வேணாம்னாச் சரிங்க" என்றார்.

அங்கிருந்து நேரே மேடத்தின் அறைக்கு வந்தார் உதுமான்.

மங்கையர்க்கரசி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். தரையெல்லாம் புத்தகம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டர். என்ன?"

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டு, தரையில் கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"பாருங்க" என்றார் மங்கையர்க்கரசி. "எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. காலையிலேருந்து ஒரே புகழ்ச்சி. இதோ, உங்க பாராட்டுப் பேச்சுக்குக்கூட இடம் ஒதுக்கியிருக்காங்களாம்."

"என்ன பேசறதுன்னு இன்னும் எழுதல."

"எழுதிடுவீங்க. நல்லாவே எழுதுவீங்க."

உதுமான் வாசல்வரை போனார். நின்றார். திரும்பினார்.

"மேடம். அந்தக் கோடு போட்டீங்களே. அன்னிக்குக் கூடத்துல இருந்த ஊழியர்கள் யார் யாரு?"

தூசி தட்டின கை நின்றது.

"ஏன்?"

"சொல்லுங்க மேடம்."

"அப்ப கூடம் ஏது? மாடிப்படிக்கு அடியில ஒரு அறை. நானும் எங்க சாரும்தான். சார் ஊசியைக் கண்டாலே மயங்கி விழுந்துடுவார்."

"அப்ப ஊழியர்கள்னு எழுதியிருக்கறது?"

"நான்தான்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்." மங்கையர்க்கரசி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த வருஷம் எனக்குக் காசநோய் வந்து மருந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். தேறிட்டேன்னு டாக்டர் சொன்னார். நானும் தேறிட்டேன்னுதான் நெனச்சேன்."



"கோடு தாழ்வா இருக்கு மேடம்" என்றார் உதுமான்.   "காவலாளி மேல இருக்கார். மாஸ்டர் மேல இருக்கார். பிள்ளைங்க எல்லாரும் மேல. நீங்களும் நானும் மட்டும்தான் அந்தக் கோட்டுல நிக்கறோம். அதை வெச்சுக்கிட்டு இத்தனை நாளா யார் யாரையோ ஆரோக்கியம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க."

"உங்க ஊறல்?"

"அதுவும் போச்சு மேடம்."

"தவசி?"

"மாத்திரையை நிறுத்த வேணாம்னு சொல்லிட்டுத்தான் இங்க வர்றேன்."

மங்கையர்க்கரசி அவரை ஏறிட்டுப் பார்த்தார். சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை உதுமான் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தார். அழப்போகிறார் என்றும் நினைத்தார்.

மேடம் எழுந்து அலமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை இழுத்தார். கனமான கட்டு. மேடம் எழுதிய கட்டுரைகள் எல்லாம் அதில் இருந்தன, முதலாவதிலிருந்து கடைசிவரை. அதைத் தூக்கி வந்து உதுமான் கையில் வைத்தார்.

"ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் வில்லவராயருக்கு அனுப்பணும்னு கட்டி வெச்சிருந்தேன்" என்றார்.

"அனுப்பிடட்டுமா மேடம்?"

"இனி வேண்டாம். நீங்களே படிச்சுப் பாருங்க."